‘இன்றேல், ஏன்?’ பாராளுமன்றத்தில் தண்ணீர், கொழும்பில் எங்கள் குழாய்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியின் குடியிருப்பாளர் குழுவுக்கு நான்தான் பொருளாளர். பெரிய பதவி ஒன்றுமில்லை. பொது மோட்டருக்குக் கரண்ட் பில், காவலாளி சம்பளம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை தாங்கி கழுவும் செலவு, அவ்வளவுதான். ஆனால் ஹன்சாட் (பாராளுமன்றப் பேச்சுகளின் அச்சுப் பதிவு) வாசிக்கும் பழக்கம் எனக்கு இருப்பது எப்படியோ வெளியே தெரிந்துவிட்டது. பாராளுமன்றத்தில் நீர் வழங்கல் பற்றி யாராவது பேசிய மறுநாள் படிக்கட்டிலேயே மறித்துக் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

“நீர் பற்றிய விவாதம்” என்று செய்தியில் சொல்கிறார்களே, அது எப்போது, எப்படி நடக்கிறது?

ஒரே மாதிரி நடப்பதில்லை. நாம் டீவியில் அதிகம் பார்ப்பது வாய்மூல விடைக்கான கேள்விகள். சபை கூடும் நாட்களில் ஆரம்பத்திலேயே வரும். கேள்விகளுக்கு ஒரு நிரந்தர அச்சு உண்டு. (அ) இன்ன பிரதேசத்தில் குடிநீர் இல்லை என்பதை அமைச்சர் அறிவாரா? (ஆ) ஆமெனில், எத்திகதியில் வழங்கப்படும்? (இ) இன்றேல், ஏன்? கடைசி வரி அநேகமாக இதுதான். ‘இன்றேல், ஏன்?’ இரண்டே சொல். ஆனால் அந்தத் தாளில் எனக்குப் பிடித்தது அதுதான். அமைச்சர் (அ)வுக்கு ஆம் என்று சொல்லிவிட்டால் (இ)க்கு ‘எழவில்லை’ என்று முடித்துவிடலாம். சில நாட்களில் பதிலே வாசிக்கப்படாமல் ‘சபாபீடத்தில் சமர்ப்பிக்கிறேன்’ என்று போய்விடும். சில நாட்களில் கால அவகாசம் கேட்பார்கள்.

அடுத்தது ஒத்திவைப்புவேளைப் பிரேரணை. ஒரு விஷயத்தை எடுத்து ஒரு மாலை முழுக்கப் பேசுவார்கள். வாக்கெடுப்பு இருக்காது, அதனால் யாரும் எதற்கும் கட்டுப்படுவதும் இல்லை. பேச்சு நன்றாக இருக்கும்.

காசு சம்பந்தமான உண்மையான இடம் வரவு செலவுத் திட்டக் குழுநிலை விவாதம். வழமையாக ஆண்டுக் கடைசியில் நடக்கும். ஒவ்வோர் அமைச்சின் செலவுத் தலைப்பும் தனியாக வரும். நீர் வழங்கல் அமைச்சின் நாள் வரும்போது எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் எழுந்து அந்த ஒதுக்கீட்டில் பத்து ரூபாய் குறைக்க வேண்டும் என்று பிரேரிப்பார். கேட்கச் சிரிப்பாக இருக்கும். அது பழைய மரபு, விவாதத்தைத் தொடங்கி வைக்கும் சாவி மாதிரி. அப்புறம் பேச வரும் ஒவ்வொருவரும் தங்கள் தொகுதியில் எந்தத் திட்டம் பாதியில் நிற்கிறது என்று சொல்வார்கள். நாட்டின் தண்ணீர் நிலைமையை ஒரே மூச்சில் அறிய வேண்டுமென்றால் அந்த ஒரு நாளை வாசித்தால் போதும்.

தமிழில் கேட்க முடியுமா? சிங்களம் எனக்கு அவ்வளவு வராது.

சபையில் மூன்று மொழியிலும் பேசலாம், உள்ளே இருப்பவர்களுக்கு உடனடி மொழிபெயர்ப்பு காதுக்கருவியில் போகும். ஹன்சாட் வேறு விதம். கேள்வி மூன்று மொழியிலும் அச்சாகும், பேச்சும் பதிலும் அவரவர் பேசிய மொழியிலேயே இருக்கும். ஆகவே தமிழில் கேட்ட கேள்விக்குக் கீழே இரண்டு பக்கம் சிங்களத்தில் பதில் இருப்பது சாதாரணம். எங்கள் நாலாம் மாடி ரீச்சர் சிங்களப் பக்கத்தை எனக்கு வாசித்துச் சொல்வார், நான் அவருக்குத் தண்ணி பில்லை விளங்கப்படுத்துவேன். பண்டமாற்று.

தமிழ் பேசும் அமைச்சர்கள் இந்தப் பொறுப்பில் இருந்த காலமும் உண்டு. 2015 முதல் 2019 வரை ரவூப் ஹக்கீம், 2023 ஜனவரி முதல் 2024 செப்டெம்பர் வரை ஜீவன் தொண்டமான். அந்தக் காலத்து ஹன்சாட்டில் தண்ணீருக்குத் தமிழ்ச் சொற்கள் தேடுபவர்களுக்கு நல்ல அறுவடை.

கொழும்புக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

பெரும்பகுதி களனி கங்கையில் இருந்து. ஐந்தில் நாலு பங்கு என்று சொல்வது வழக்கம். அம்பத்தலேயில் ஆற்று நீரை எடுத்துச் சுத்திகரித்துப் பம்பு பண்ணி அனுப்புகிறார்கள். எதிர்க்கரையில் பியகம நிலையம் இருக்கிறது, அது கம்பஹா மாவட்டத்துப் பக்கம் போகிறது. தெற்குப் புறநகரின் ஒரு பகுதிக்கு ஹொரணைப் பக்கமிருந்து களுகங்கைத் தண்ணீர்.

இதற்கெல்லாம் முந்தியது லபுகம. 1880களில் வெள்ளைக்காரன் காட்டுக்குள் கட்டிய அணை. பக்கத்தில் களட்டுவாவ, அது 1950களில் வந்தது. அங்கிருந்து பம்பு இல்லாமலே, சரிவிலேயே தண்ணீர் கொழும்புக்கு இறங்கி வருகிறது. மருதானைப் பக்கம் மாளிகாகந்தை மேட்டில் இருக்கும் பழைய நீர்த்தேக்கத்தைப் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். லபுகமத் தண்ணீர் வந்து சேர்வதற்காகக் கட்டியது அது. அணையைச் சுற்றிக் காட்டை அப்படியே விட்டு வைத்ததால் இன்றும் அந்தத் தண்ணீர் ஒப்பீட்டளவில் சுத்தமாகக் கிடைக்கிறது. மேட்டில் தேக்கிச் சரிவில் விடுவதற்குக் கரண்ட் பில்லும் இல்லை. புதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றைப் பற்றி எத்தனை கோடி என்று சபையில் பேசும்போதெல்லாம் எனக்கு இந்தக் காடு ஞாபகம் வரும்.

களனிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. சிவனொளிபாதமலைப் பக்கம் ஊற்றெடுத்து, காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களைத் தாண்டி, 145 கிலோமீற்றர் ஓடி எங்கள் முகத்துவாரத்தில்தான் கடலில் விழுகிறது. அம்பத்தலேக்கு வருவதற்கு முன்பே தோட்டங்கள், ஊர்கள், தொழிற்சாலைகள் எல்லாவற்றின் கழுவலையும் சுமந்துவிடுகிறது. 2015 ஆகஸ்டில் பியகமப் பக்கத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து கசிந்த டீசல் ஆற்றில் கலந்து, அம்பத்தலேயில் நீர் எடுப்பதையே நிறுத்த வேண்டி வந்தது. ஒரு குழாய் உடைந்தால் ஒரு வீதிக்குத்தான் தண்ணீர் நிற்கும். ஆறு கெட்டால் ஊருக்கே இல்லை.

இன்னொன்று. இந்த ஆற்றின் தலைமாட்டில், பொகவந்தலாவை, மஸ்கெலியாப் பக்கம் லயன்களில் (தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) இருப்பவர்களில் பலருக்குச் சுத்திகரித்த குழாய் நீர் இன்னும் கிடையாது. பீலியில் பிடிக்கிறார்கள். மலையக உறுப்பினர்கள் இதைச் சபையில் சொல்லும்போது கொழும்புக்காரர் நாம் கொஞ்சம் காது கொடுக்க வேண்டும். அவர்கள் வாசலைத் தாண்டி வந்த தண்ணீரைத்தான் நாம் ஃபில்டரில் ஊற்றுகிறோம்.

மழை கொட்டும்போதும் தண்ணீர் நிற்கிறது, வெயில் காய்ந்தாலும் நிற்கிறது. ஏன்?

வரட்சியில் பிரச்சினை உப்பு. ஆற்றில் நீரோட்டம் குறைந்தால் கடல் நீர் அடியால் உள்ளே ஏறி வரும். பல காலம் மணல் அள்ளியதால் ஆற்றுப்படுகை தாழ்ந்துவிட்டது, உப்புக்கு வழி இன்னும் லேசாகிவிட்டது. அதைத் தடுக்க அம்பத்தலேக்குக் கீழே மணல் மூட்டை அடுக்கித் தடுப்புப் போட்டார்கள். வெள்ளம் வந்தால் மூட்டை போய்விடும், மறுபடி அடுக்க வேண்டும். தலைநகரின் குடிநீர் பல வருடம் மணல் மூட்டையை நம்பி இருந்தது என்று சொன்னால் வெளியூர்க்காரர் நம்ப மாட்டார்கள்.

மழையில் பிரச்சினை சேறு. கலங்கல் ஓர் அளவுக்கு மேல் போனால் சுத்திகரிக்கும் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். 2016 மே, 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் என்று களனி பெருகிய ஒவ்வொரு முறையும் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நிற்கும், குடிக்கத் தண்ணீர் பவுசர் லொறியில் வரும்.

அப்புறம் கரண்ட். அம்பத்தலே பம்புகள் மின்சாரத்தில்தான் ஓடுகின்றன. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மாட்டிக்கொண்டு நாடே இருண்டது ஞாபகம் இருக்கும். அன்றைக்கு எங்கள் தொடர்மாடியில் கீழே சம்பில் (நிலத்தடித் தாங்கியில்) தண்ணீர் இருந்தும் மேலே ஏற்ற மோட்டர் ஓடவில்லை. ஐந்தாம் மாடிக்கு வாளியில் தூக்கினோம். குரங்கைத் திட்டாத ஆள் இல்லை.

ஒரு எம்.பி. “கொழும்பில் பாதித் தண்ணீர் வீணாகிறது” என்றாராம். உண்மையா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவழிப்பது, ஏனென்றால் சபையில் இதற்குத்தான் மிகக் குறைவான நேரம் போகிறது.

பாதி என்பது ஒருகாலத்தில் கொழும்பு நகர எல்லைக்குள் ஏறத்தாழ உண்மை. சுத்திகரித்து அனுப்பிய தண்ணீரில் பாதிக்கு யாரிடமும் காசு வரவில்லை. அதற்குப் பெயர் வருமானம் தராத நீர். நாடு முழுக்க எடுத்தால் நாலில் ஒரு பங்கு அளவு. 2012க்குப் பிறகு ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனில் நகரின் பழைய குழாய்களை மாற்றும் வேலை தொடங்கியது, வீதி வீதியாகக் கிண்டியதைப் பார்த்திருப்பீர்கள். அதனால் குறைந்திருக்கிறது.

ஆனால் ‘வீண்’ என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். இந்தக் கணக்கில் மூன்று நாலு விதமான தண்ணீர் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது. ஒன்று, நிலத்துக்கடியில் நூறு வயது தாண்டிய வார்ப்பிரும்புக் குழாய்களில் ஒழுகுவது. இரண்டு, மீற்றர் இல்லாமல் களவாக இழுத்தது. மூன்று, ஓடாத அல்லது மெதுவாக ஓடும் மீற்றர். நாலு, தோட்டங்களில் இருக்கும் பொதுக்குழாய். கொழும்பில் தோட்டம் என்றால் தேயிலை அல்ல, சின்ன வீடுகள் நெருக்கியடித்து நிற்கும் குடியிருப்பு. ஒரு பைப்படியில் இருபது குடும்பம், அதற்கு பில் இல்லை. அங்கே ஒரு தாய் பிள்ளையைக் குளிப்பாட்டும் தண்ணீரும், புறக்கோட்டையில் தாருக்கடியில் ஒழுகி ஓடும் தண்ணீரும் ஒரே கட்டத்தில் விழுகின்றன. ஆகவே யாராவது எழுந்து பாதி வீண் என்று சொன்னால், எந்தப் பாதி என்று கேட்க வேண்டும்.

ஒழுக்கைக் கண்டுபிடிக்கும் வேலையை ஒருமுறை பார்த்தேன். இரவு ஒரு மணி இருக்கும். வாகனச் சத்தம் அடங்கிய வீதியில் இரண்டு பேர். ஒருவர் கையில் நீளமான இரும்புத் தடி. அதன் ஒரு நுனியை வால்வு மேல் வைத்து மறு நுனியைக் காதில் வைத்துக் குனிந்து நிற்கிறார், டொக்டர் நெஞ்சில் வைத்துப் பார்ப்பது மாதிரி. தண்ணீர் ஒழுகும் இடத்தில் ‘ஸ்ஸ்’ என்று ஒரு சன்னமான சத்தம் வருமாம். பகலில் பஸ் சத்தத்தில் அது கேட்காது. எனக்கும் காதில் வைத்துக் காட்டினார். கடல் சங்கைக் காதில் வைத்த மாதிரி இருந்தது, எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ‘கேட்டுக் கேட்டுத்தான் பழகும்’ என்றார்.

ஒழுகும் குழாயில் இன்னோர் ஆபத்தும் உண்டு. உள்ளே அழுத்தம் இருக்கும்வரை தண்ணீர் வெளியே போகும். நீர்வெட்டு நேரத்தில் அழுத்தம் இறங்கினால், அதே ஓட்டையால் வெளியே இருக்கும் சாக்கடைக் கான் தண்ணீர் உள்ளே வரலாம். வெட்டு முடிந்து முதலில் வரும் தண்ணீரைக் கொஞ்ச நேரம் திறந்துவிட்டு, கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று பெரியவர்கள் சொல்வது வெறும் பழக்கம் அல்ல.

பில்லை யார் கூட்டுகிறார்கள்? பாராளுமன்றம் வாக்களித்தா?

இல்லை. கட்டணம் அரச வர்த்தமானியில் வருகிறது. அதன்பின் சபையில் சத்தம் வரும்.

2012க்குப் பிறகு பத்து வருடம் கட்டணம் மாறவில்லை. 2022 செப்டெம்பரில் ஒரு பெரிய ஏற்றம், 2023 ஆகஸ்டில் இன்னொன்று. 2024 ஆகஸ்டில் வீடுகளுக்கு 7 சதவீதம் குறைத்தார்கள். பத்து வருடம் எவரும் கூட்டத் துணியாததன் வட்டியைத்தான் இரண்டே வருடத்தில் சேர்த்துக் கட்டினோம் என்பது என் அபிப்பிராயம். எங்கள் இரண்டாம் மாடி ஐயா ஒத்துக்கொள்ள மாட்டார்.

மின்சாரத்துக்கும் நீருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. மின் கட்டணம் மாற வேண்டுமென்றால் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும். மண்டபத்தில் போய் நாம் பேசலாம். அந்த ஆணைக்குழுவை உருவாக்கிய 2002ஆம் ஆண்டு 35ஆம் இலக்கச் சட்டத்தில் நீரும் பெயரளவில் இருக்கிறது. ஆனால் நீர்த்துறைக்கென்று தனிச் சட்டம் வராததால் ஆணைக்குழுவுக்கு அதில் கை வைக்க முடியாது. அப்படியானால் தனிச் சட்டம் ஏன் வரவில்லை? அது அடுத்த கேள்வி.

பில்லில் ஒரு யூனிட் என்பது 1,000 லீற்றர். கட்டணம் படிப்படியாக ஏறும், மேல் படிக்குப் போனால் யூனிட் விலையும் மாதச் சேவைக் கட்டணமும் சேர்ந்தே ஏறும்.

நீருக்கென்று ஒரு பொதுச் சட்டம் ஏன் இல்லை?

முயற்சி நடந்தது. 2000ஆம் ஆண்டு ஒரு தேசிய நீர்க் கொள்கை வந்தது. வயலுக்குப் பாயும் தண்ணீருக்கும் விலை வைக்கப் போகிறார்கள் என்று விவசாயிகள் கொதித்தார்கள். குளத்தையும் வாய்க்காலையும் நம்பி வாழும் நாட்டில் அந்தப் பயம் சும்மா அடங்குவதில்லை. கொள்கை அலமாரிக்குப் போனது.

2003இல் நீர்ச் சேவைகள் சீர்திருத்தச் சட்டமூலம். குடிநீர் வழங்கலை ஆணைக்குழுவின் கண்காணிப்பில் கொண்டுவந்து, உரிமம் பெற்றவர்கள் நடத்தலாம் என்பது அதன் சாரம். தனியாருக்குக் கதவு திறக்கிறார்கள் என்று உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். நீதிமன்றம் வேறோர் இடத்தில் விரல் வைத்தது. ஊருக்குள் நீர் வழங்கல் என்பது உள்ளூராட்சியோடு சேர்ந்த விஷயம், அரசியலமைப்பின் 13ஆவது திருத்தப்படி மாகாண சபைகளின் பட்டியலில் வருவது. அவர்களிடம் கருத்துக் கேட்காமல் இந்தச் சட்டமூலத்தைக் கொண்டுவர முடியாது என்றது. சட்டமூலம் அதோடு நின்றது.

நம்மவர்களில் பலர் 13ஐக் காணி, பொலிஸ் என்ற இரண்டு சொல்லோடு முடித்துவிடுகிறார்கள். தண்ணீரும் அதற்குள் இருக்கிறது என்பதை இந்தத் தீர்ப்பு சொன்னது. இப்போதைய நிலைமைதான் விசித்திரம். கடைசி மாகாண சபையின் காலம் 2019இல் முடிந்தது, அதற்குப் பிறகு தேர்தல் இல்லை. கருத்துக் கேட்க வேண்டிய சபையே இல்லாமல் கிடக்கிறது.

அப்படியென்றால் நடைமுறையில் யார் பொறுப்பு?

குடிநீருக்குத் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை. 1974ஆம் ஆண்டு 2ஆம் இலக்கச் சட்டம், 1975 ஜனவரியில் வேலை தொடங்கியது, தலைமையகம் இரத்மலானை. முறைப்பாட்டு இலக்கம் 1939. நகருக்குள் மலக்கழிவுக் குழாய் கொழும்பு மாநகர சபையின் பொறுப்பு. ஆற்று மாசுக்கு மத்திய சுற்றாடல் அதிகார சபை. நிலத்தடி நீருக்கு நீர்வளச் சபை என்று வேறொன்று. வீதியில் பொங்கும் தண்ணீர் நல்லதா கெட்டதா என்று மோந்து பார்த்துத்தான் யாரைக் கூப்பிடுவது என்று முடிவெடுக்க வேண்டும்.

தண்ணீர் நம் உரிமையா, சேவையா?

அரசியலமைப்பில் ‘குடிநீர் உரிமை’ என்று ஒரு வரி இல்லை. ஐ.நா. பொதுச்சபை 2010 ஜூலையில் அதை மனித உரிமையாக ஏற்றது. இங்கே நீதிமன்றம் வழியாகத்தான் வந்தது. சுன்னாகத்தில் மின்நிலையப் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்த கதை தெரியும்தானே. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அந்த வழக்கில் மக்கள் பக்கம் நின்று, பாதிக்கப்பட்ட கிணற்றுக்காரர்களுக்கு மொத்தமாக 2 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. கிணற்றை இறைத்தால் எண்ணெய் வாடை அடிக்கும் வீட்டுக்கு அந்தக் காசு எத்தனை நாளைக்கு என்பது வேறு கதை.

அதற்கு முன் 2013 ஆகஸ்ட் 1. வெலிவேரிய, ரத்துபஸ்வலவில் நல்ல தண்ணீர் கேட்டு வீதிக்கு இறங்கியவர்கள் மீது இராணுவம் சுட்டு மூன்று பேர் இறந்தார்கள். கொழும்பிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை. தண்ணீர் விவாதம் என்றால் குழாய்க் கணக்கு மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்கு இந்தத் திகதியைச் சொல்வேன்.

வடக்கு எம்.பி.மார் ஏன் எப்போதும் இரணைமடுவைப் பற்றியே பேசுகிறார்கள்?

யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் வேண்டும், கிளிநொச்சி விவசாயிக்கு வயலுக்கு வேண்டும், இரண்டுக்கும் கிளிநொச்சியின் இரணைமடு என்ற குளம் ஒன்று. பல வருட இழுபறிக்குப் பிறகு கடலை நோக்கிப் போனார்கள். தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. உப்பைப் பிரிக்க மின்சாரம் நிறைய வேண்டும், ஆகவே பேச்சு முடியவில்லை.

எல்லா எம்.பி.யும் பராக்கிரமபாகு மன்னனைச் சொல்கிறார்களே?

ஒரு துளியும் பயன்படாமல் கடலுக்குப் போகக் கூடாது என்று சொன்னாராம். நீர் விவாதத்தில் அவர் வராத நாளை நான் இன்னும் வாசிக்கவில்லை. ஒழுகும் குழாய்த் தண்ணீர் கான் வழியாகக் கடலுக்குத்தான் போகிறது என்பதை யாராவது அவருக்குச் சொல்லலாம்.

மழைநீர் சேமிக்கச் சட்டம் இருக்கிறதாமே?

இருக்கிறது. 2005இல் கொள்கை, 2007இல் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்துக்கு 36ஆம் இலக்கத் திருத்தம். நகரப் பகுதியில் புதுக் கட்டடம் கட்டினால் மழைநீர் பிடிக்கும் ஏற்பாடு வேண்டும். உங்கள் ஒழுங்கையில் கடைசியாக எழும்பிய கட்டடத்தில் அந்தத் தாங்கி எங்கே என்று ஒருமுறை தேடிப் பாருங்கள்.

கணக்கு லேசானது. ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர். கொழும்பில் வருடத்துக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர். 50 சதுர மீற்றர் கூரை இருந்தால் 120,000 லீற்றர், அதாவது 120 யூனிட் தலைக்கு மேல் விழுகிறது. எல்லாவற்றையும் பிடிக்க முடியாது, சரி. நாலில் ஒன்றைப் பிடித்தாலும் கழிவறைக்கும் வாகனம் கழுவவும் போதும். குடிநீர்த் தரத்துக்குச் சுத்திகரித்து, பம்பு பண்ணி, ஐந்தாம் மாடிக்கு ஏற்றிய தண்ணீரை ஃபிளஷ் பண்ணுவதுதான் எனக்குச் செரிக்காத விஷயம்.

எங்கள் பில் திடீரென மூன்று மடங்கு. மீற்றரில் பிழையா?

எங்களுக்கும் வந்தது. பொதுப் பில் எகிறியதும் குழுக் கூட்டத்தில் ஒரே கொந்தளிப்பு. மீற்றர் பிழை, வாசித்தவர் பிழை, பாராளுமன்றமே பிழை என்றோம். முறைப்பாட்டுக் கடிதம் எழுத என்னைத்தான் நியமித்தார்கள். கடிதத்துக்கு முன் ஒருமுறை பார்ப்போம் என்று முகத்துவாரத்திலிருந்து பைப் பாஸை (குழாய் வேலை செய்பவரை) கூப்பிட்டேன்.

அவர் ஒரு கருவியும் எடுக்கவில்லை. இரவு பத்தரைக்கு எல்லோரையும் குழாய் மூடச் சொல்லிவிட்டு, டோர்ச் அடித்து மீற்றரைப் பார்த்தார். நடுவில் இருக்கும் சின்னச் சில்லு சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு சொட்டு நீலப் போத்தல் ஒன்று கேட்டார். ஒவ்வொரு வீட்டுக் கழிவறைத் தொட்டியிலும் நாலு சொட்டு விட்டு, அரை மணி நேரம் யாரும் ஃபிளஷ் பண்ண வேண்டாம் என்றார். மூன்றாம் மாடியில் கொமோட்டின் வெள்ளைச் சுவரில் மெல்லிய நீலக் கோடு இறங்கியிருந்தது.

“அக்கா, தண்ணி ரோட்டுல போகல்ல. உங்கட கொமோட்டுக்குள்ளதான் போகுது” என்றார்.

மூன்றாம் மாடி என் வீடு. உள்ளே இருக்கும் ரப்பர் மூடி தேய்ந்திருந்தது. சத்தமும் இல்லை, பார்த்தாலும் தெரியாது. குழுவின் முகத்தை ஒரு வாரம் பார்க்க முடியவில்லை.

குழாய் சொட்டினாலும் அளந்து பாருங்கள். ஐந்து நிமிஷத்தில் 200 மில்லிலீற்றர் கிளாஸ் நிறைந்தால் நாளுக்கு 57 லீற்றர் சொச்சம், மாதத்துக்கு ஒன்றே முக்கால் யூனிட் பக்கம். உங்கள் பில்லை அடுத்த படிக்கு ஏற்ற சில நேரம் அதுவே போதும்.

எங்கள் எம்.பி.யிடம் ஏதாவது கேட்கச் சொல்லலாமா? என்ன கேட்பது?

தாராளமாக. ஆனால் ‘எங்கள் ஒழுங்கைக்குத் தண்ணீர் வேண்டும்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் ‘நிதி கிடைத்ததும்’ என்று பதில் வரும். எண் கேளுங்கள். எங்கள் பகுதிக்கு அனுப்பிய நீர் எவ்வளவு, பில் போட்டது எவ்வளவு, மிச்சத்தில் ஒழுக்கு எவ்வளவு, பொதுக்குழாய் எவ்வளவு? பழைய குழாயில் எத்தனை கிலோமீற்றர் மாற்றியாயிற்று, எத்தனை பாக்கி? எண் கேட்டால் ஆம், இல்லை என்று தப்ப முடியாது. ‘இன்றேல், ஏன்?’ மறக்க வேண்டாம்.

எம்.பி. மூலம் பொது மனுக்கள் பற்றிய குழுவுக்கு மனுவும் கொடுக்கலாம். அவர் பிடி கொடுக்கவில்லையா, 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அதே கேள்விகளை அலுவலகத் தகவல் அதிகாரிக்குத் தமிழிலேயே எழுதுங்கள். பெற்றுக்கொண்டதற்குச் சான்று வாங்கி வையுங்கள்.

நீர்வெட்டு அறிவித்தலில் “குறைந்த அழுத்தத்தில்” என்று போடுகிறார்களே, அதற்கு என்ன பொருள்?

கீழ்வீட்டுக்கு வரும், மேல்வீட்டுக்கு வராது.

மீற்றரைப் பார் என்கிறீர்கள். எங்கள் மீற்றர் எங்கே இருக்கிறது என்றே தெரியாதே?

கேட் ஓரம், மதிலடியில் ஒரு சின்ன சீமெந்து மூடி அல்லது இரும்பு மூடி இருக்கும். பூச்சட்டிக்குக் கீழேயும் தேடுங்கள், எங்கள் பக்கத்து வீட்டில் அதற்கு மேல்தான் துளசி வைத்திருந்தார்கள். மூடியைத் தூக்குமுன் ஒரு தட்டுத் தட்டுங்கள், உள்ளே பல்லி இருக்கும். கண்ணாடியில் மண் படிந்திருந்தால் துணியால் துடைத்து, கறுப்பு எண்களை எழுதி வையுங்கள். இரவில் எல்லாம் மூடிய பிறகும் சில்லு சுற்றினால் சொட்டு நீலம் எந்தக் கடையிலும் கிடைக்கும்.